வரிக்கு வக்காலத்து வாங்கினவர்

பட்ஜெட் என்ற சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். அதற்குப் பிறகுதான் அவர் முகம் வருகிறது.

என் தங்கையைக் கட்டியவர். என்னைவிட இரண்டு வயது சின்னவர். நேரில் ‘மாப்ள, நீ’ என்றுதான் பேசுவேன். எழுத உட்கார்ந்தால் ‘அவர்’ என்றுதான் வருகிறது. பெயரைப் போடப்போவதில்லை. தங்கை இருக்கிறாள், அவளுக்குப் பிடிக்காது.

திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலையில் எங்கள் இரண்டு பேருக்கும் வேலை. அவர் மெஷின் பிரிவை மேற்பார்க்கிற சார்ஜ்மேன், நான் ஸ்டோர் குமாஸ்தா. குடியிருந்தது ராயபுரத்தில், கல்மண்டபத்தை ஒட்டிய சந்துகளில். காலை ஷிஃப்டுக்குக் கடலோர ரோட்டில் சேர்ந்தே சைக்கிள் மிதிப்போம். எதிர்க்காற்றில் நான் வாயை மூடிக்கொண்டு மிதிப்பேன். அவர் பேசிக்கொண்டே மிதிப்பார். ஏதாவது ஒரு விஷயத்தை எடுப்பார். நான் ஆமாம் என்றால் எப்படி ஆமாம் என்பார், இல்லை என்றால் எப்படி இல்லை என்பார். நான் சோர்ந்துபோய்ப் பேசாமல் வந்தால், “மச்சான், நீ இப்டி கேட்டிருக்கணும்” என்று என் கட்சிக்கான வாதத்தையும் அவரே எடுத்துக் கொடுப்பார். பிறகு அதற்கும் பதில் சொல்வார். தொழிற்சாலை வாசலில் இறங்கும்போது எனக்குக் கால்வலியோடு தலைவலியும் சேர்ந்திருக்கும்.

வீண் வம்புக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. வம்புக்காரனாக இருந்திருந்தால் அவரைச் சமாளித்திருக்கலாம். எதிராளி சொல்வதில் நியாயம் இருந்தால் அதைச் சபையிலேயே ஒத்துக்கொள்வார். அதுதான் எங்களுக்குப் பெரிய பேஜாராக இருந்தது.

பெண் பார்க்க வந்த அன்றைக்கே அதைப் பார்த்தோம். அவருடைய அம்மா மாப்பிள்ளைக்கு ஒரு சைக்கிள் வேண்டும் என்று கேட்டார். என் அப்பா தயங்கிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையாக உட்கார்ந்திருந்தவர் வாயைத் திறந்தார். “எங்கிட்ட ஏற்கெனவே ஒரு சைக்கிள் கீதும்மா. ரெண்டு சைக்கிள்ல நான் எப்டி குந்துறது?” அப்பா சிரித்துவிட்டார், அந்த இடத்திலேயே சம்மதம் சொன்னார். எங்களுக்கெல்லாம் மாப்பிள்ளையைப் பிடித்துப்போயிற்று. ஆனால் அந்தச் சைக்கிளுக்கான வசவை என் தங்கை ஒன்றரை வருஷம் மாமியாரிடம் வாங்கினாள். நியாயம் பேசியவர் காலையில் ஷிஃப்டுக்குப் போய்விடுவார். வீட்டில் இருந்தவள் அவள்தான்.

வருமான வரி விவகாரம் கல்மண்டபத்து டீக்கடையில் ஆரம்பித்தது. பட்ஜெட்டுக்கு மறுநாள் பேப்பர் வந்ததும் அதை முதலிலிருந்து கடைசிவரை படித்துவிட்டு, படிக்காதவர்களோடு வாதாடுவது அவருக்கு வருஷாவருஷம் நடக்கிற திருவிழா. எதிரில் உட்காருகிறவர் சாக்கு மண்டி வைத்திருந்த பாய். நல்ல மனிதர், கை தாராளம். வருமான வரி என்றால் மட்டும் டீயைக் கீழே வைத்துவிடுவார்.

“ராவும் பகலும் மண்டியில தூசி தின்னு நாலு காசு பாக்குறேன். எங்கியோ டெல்லியில குந்திகினு இருக்கிறவன் அதுல பங்கு கேக்குறான். இன்னா ஞாயம் தம்பி இது?”

“பாய், இட்லி விக்கிற கெய்வி அடுப்பு பத்த வெக்க ஒரு தீப்பொட்டி வாங்குது. அதுமேல ஒரு சீட்டு ஒட்டிகீதே, அது இன்னா? வரி. டெல்லிக்குப் போவுற வரி. எங்க மெஷின்லதான் ஒட்டுறோம், பொட்டிக்கு ஒரு சீட்டு. கெய்விக்கு வருமானம் எவ்ளோன்னு எவனாவது கேட்டானா? கேக்காமலே வாங்கிக்கிறான். உங்கள கேட்டு வாங்குறான். உங்களுக்குத்தான் கோவம் வருது.”

டீக்கடையில் இருந்த கூலிக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பாய் விடவில்லை.

“லாபத்துல பங்கு கேக்குறான், சரி. போன மழையில ஒரு குடோன் சாக்கு நனைஞ்சி நாறிப்போச்சே, அப்ப வந்து எட்டிப் பாத்தானா? ஆபீசருன்னு ஒரு பையன் வந்தான் தம்பி. மவ கல்யாணத்துக்கு எத்தினி பேருக்கு பிரியாணி போட்டேன்னு கேக்குறான். எங்க வூட்டுப் பந்தியில வந்து அவன் இன்னாத்துக்கு எல எண்ணணும்?”

எங்கள் ஆள் யோசித்தார். கடையே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“அது ஞாயம் பாய். அந்தக் கேள்வி தப்பு. நஷ்டத்துக்கும் ஒரு வழி சொல்லணும். நெலத்துக்காரனுக்கு இந்த வரி இல்லாம வெச்சிக்கிறானே, அதுவும் தப்பு. நீங்க அத்த கேட்டிருக்கணும்.”

கூலிக்காரர்களின் சிரிப்பு நின்றுவிட்டது. ஜெயித்துக்கொண்டிருந்த சண்டையில் இவரே கீழே படுத்துக்கொண்டார். வீட்டுக்குத் திரும்பும்போது, “நீ இன்னா மாப்ள, எந்தக் கட்சி?” என்று கேட்டேன். “வரி வேணும்ன்ற கட்சி. அதுக்காவ பாய் சொன்னது பொய்யாயிடுமா?” என்றார்.

அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ, ராயபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வியாபாரிகள் சேர்ந்து வருமான வரிக்குக் கண்டனக் கூட்டம் போட்டார்கள். ‘யாவரும் வருக’ என்று நோட்டீஸில் அச்சடித்திருந்தது. “யாவரும்னா நாமளும்தான் மச்சான்” என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். மேடையில் வியாபாரிகள் சங்கத் தலைவர். பெரிய இரும்பு வியாபாரி. உழைக்கிறவனிடம் பிடுங்கி உழைக்காதவனுக்குக் கொடுக்கிற சட்டம் இது என்று பேசிக்கொண்டிருந்தார். இவர் எழுந்து நின்றார்.

“ஐயா, உழைக்கிறவன்னு சொன்னீங்களே, அது யாருங்க?”

மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. நான் அவர் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தேன். தலைவர் கோபப்படவில்லை; சிரித்துக்கொண்டே கேட்டார்.

“நீங்க வருமான வரி கட்றீங்களா தம்பி?”

“இல்லீங்க.”

மண்டபம் சிரித்தது.

“கட்ற அளவுக்கு சம்பளம் வந்தா கட்டுவேங்க. சந்தோசமா கட்டுவேன்.”

அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவருக்கோ அது உறைக்கவே இல்லை. திரும்பி வரும் வழியெல்லாம், தலைவர் பேச்சில் ஒரு இடம் சரியாக இருந்தது, அதற்குப் பதில் யோசிக்க வேண்டும் என்றே சொல்லிக்கொண்டு வந்தார்.

பிறகு அந்த பட்ஜெட் வந்தது. நயா பைசா வந்து சில்லறை புரியாமல் ஊரே திண்டாடிக்கொண்டிருந்த வருஷம். வருமான வரி எந்தச் சம்பளத்திலிருந்து தொடங்கும் என்ற வரம்பைக் கீழே இறக்கிவிட்டார்கள். அதுவரை வியாபாரிக்கும் டாக்டருக்கும் வக்கீலுக்கும் உரிய தலைவலியாக இருந்தது எங்கள் தொழிற்சாலைக்குள் வந்தது. சார்ஜ்மேன்கள், பழைய ஃபிட்டர்கள், என்னைப் போன்ற குமாஸ்தாக்கள், ஓவர்டைமும் போனஸும் சேர்ந்தால் அந்த வரம்பைத் தொட்டுவிடுவோம். தொடாதவர்களுக்கும் பயம்தான். இன்றைக்கு இவனுக்கு வந்தது நாளைக்கு நமக்கு வராதா?

மறுநாள் சைக்கிளில் போகும்போது நானே ஆரம்பித்தேன். கொஞ்சம் குஷியாகவே ஆரம்பித்தேன் என்று சொல்ல வேண்டும்.

“இப்ப இன்னா சொல்ற மாப்ள?”

“தப்பு மச்சான். வரம்ப எறக்கினது தப்பு. சண்ட போடணும்.”

அப்பாடா என்று இருந்தது.

“ஆனா வரியே வாணாம்னு சொல்ல மாட்டேன்” என்றார். மிச்ச தூரத்தை நான் அவரை முந்திக்கொண்டு மிதித்தேன்.

ஒரு வாரத்தில் யூனியன் செகரட்டரி வாசல் கூட்டம் போட்டார். ஷிஃப்ட் விட்டதும் எல்லாரும் கேட்டுக்கு வெளியே கூடினோம். இந்த விஷயம் தெரிந்த ஆள் என்று இவரையும் பேசச் சொல்லியிருந்தார்கள். இவர் யூனியன் கமிட்டியில் ஆறு வருஷமாக மெம்பர். மேடை என்று போட்டிருந்த இரண்டு மேஜைகளுக்குப் பக்கத்தில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியது அந்த இரும்பு வியாபாரி. தொழிலாளியும் வியாபாரியும் சேர்ந்து டெல்லிக்கு ஒரு மனு கொடுக்கப்போகிறோம், இனிமேல் இது இரண்டு பேருடைய போராட்டம் என்று செகரட்டரி அறிவித்தார். கைதட்டல் பலமாக இருந்தது. நானும் தட்டினேன்.

இவர் மேஜைமேல் ஏறினார்.

“வரம்ப ஏத்துன்னு கேப்போம். அதுக்கு மொதல் கையெழுத்து என்னுது. ஆனா வரியே வாணாம்னு இவரு பக்கத்துல நின்னு நான் கேக்க மாட்டேன். இவரு மேல வரி போச்சின்னா, அந்தத் துட்ட சர்க்காரு எங்க தேடுவான்? நாம ஒட்டுற சீட்டுல தேடுவான். சக்கரையில தேடுவான், துணியில தேடுவான். நம்ம பத்து ரூவாய காட்டி இவரு தன்னோட லட்சத்த மறைச்சிக்கப் போறாரு.”

கூட்டம் அமைதியாகக் கேட்டது. சிலர் தலையாட்டியதையும் பார்த்தேன். இரும்பு வியாபாரி குனிந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இவர் அத்தோடு இறங்கியிருக்கலாம். எதையும் முழுசாகச் சொல்லாமல் இறங்கத் தெரியாதவர்.

“இன்னொண்ணு. பேப்பர முழுசா படிங்கப்பா. இந்தச் சட்டத்துலியே புள்ளகுட்டிக்காரனுக்கு…”

கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது. அட்டைப் பிரிவில் வேலை செய்கிற ஒருத்தன்.

“புள்ள இல்லாதவனுக்கு இன்னாபா! எவ்ளோ வேணா கட்டுவான். யாருக்கு சேத்து வெக்கப்போறான்?”

ஒரு பெரிய சிரிப்பு எழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். போதுமான பேர் சிரித்தார்கள். அவருக்கும் என் தங்கைக்கும் கல்யாணமாகி எட்டு வருஷம் ஆகியிருந்தது. போகாத கோயில் இல்லை, பார்க்காத வைத்தியர் இல்லை. அவர் திறந்த வாயோடு மேஜைமேல் நின்றார். எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருக்கிற மனிதர், அந்த வாக்கியத்தை முடிக்காமலே கீழே இறங்கிவிட்டார்.

செகரட்டரி சட்டென்று பிடித்துக்கொண்டார். ஒற்றுமையைக் குலைக்கிறவரைக் கமிட்டியில் வைத்துக்கொள்ள வேண்டுமா, நீக்க வேண்டும் என்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார். கைகள் எழுந்தன. என் கையும் எழுந்தது.

ஏன் தூக்கினேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். எனக்கு மூன்று பிள்ளைகள். சம்பளத்தில் கைவைக்கப்போகிறார்கள் என்ற பயம். இடதும் வலதும் நின்றவர்கள் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார்கள். இதையெல்லாம் விட, அத்தனை வருஷத்து எதிர்க்காற்றும் தலைவலியும் அந்தக் கையில் இருந்தன. ஒரு தடவையாவது இந்த ஆளுக்குப் புத்தி வரட்டும் என்று நினைத்தேன். அவர் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டுதான் நின்றிருந்தார். என் கையைப் பார்த்தாரா என்று தெரியாது.

அன்று சாயங்காலமே தங்கை என் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. வாசற்படியில் நின்றே கேட்டாள்.

“நீ கைய தூக்கினியாண்ணே?”

“எல்லாரும் தூக்கினாங்கம்மா.”

“நான் எல்லாரையும் கேக்கல.”

திரும்பி நடந்துவிட்டாள்.

மூன்று மாதம் கழித்துச் சம்பளக் கவர் வாங்க வரிசையில் நின்றேன். வரி பிடித்தம் அந்த மாதத்திலிருந்து என்று சொல்லியிருந்தார்கள். கவரைப் பிரித்தால் வழக்கமான சம்பளம் அப்படியே இருந்தது. தப்பாகக் கொடுத்துவிட்டார்களோ என்று பயந்து சம்பளக் குமாஸ்தாவிடம் கேட்டேன்.

“உனக்கு வரி இல்லப்பா. கல்யாணம் ஆயி கொயந்தைங்க இருந்தா வரம்பு கொஞ்சம் மேல. நீ அதுக்குக் கீய வந்துட்ட. இங்க முக்காவாசி பேருக்கு அதான். சட்டத்துலியே கீதே, யாரும் படிக்கல?”

“எங்க மாப்பிள்ளைக்கு?”

“அவருக்குப் புடிச்சாச்சி” என்றார், அடுத்த கவரை எடுத்துக்கொண்டே.

அந்தப் பக்கம் பார்த்தேன். அவர் கவரை வாங்கி, எண்ணிப் பார்த்து, கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

அன்று முடிக்காமல் விட்ட வாக்கியம் என்ன என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அன்றைக்குச் சத்தம் போட்டவனுக்கும் வரி இல்லை, அவனுக்கு நாலு பிள்ளை. கை தூக்கிய எனக்கும் இல்லை. கட்டப்போகிறவர் அவர். அவர்தான் வரிக்கு ஆதரவாகப் பேசினார். கட்டத் தேவையில்லாத நாங்கள்தான் அவரை விரட்டினோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். தங்கை காப்பியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

“மாப்ள, அன்னிக்கு இத்ததான சொல்ல வந்த? ஏன் முடிக்காம எறங்கின? முடிச்சிருந்தா ஒருத்தனும் கைய தூக்கியிருக்க மாட்டானே!” என் குரல் என்னை மீறி உயர்ந்தது. தப்புச் செய்தவன் நான், கத்தியதும் நான்தான்.

அவர் உள்ளே ஒரு தடவை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். “எப்டி முடிக்கிறது மச்சான்? உங்களுக்கெல்லாம் புள்ள கீது, வரி இல்ல. எனக்கு இல்ல, அதனால நான் கட்றேன்னு அத்தினி பேரு முன்னாடி சொல்லணும். உங்க வூட்டுப் பொம்பளைங்க நிக்கிற கொயாயிலதான் அவளும் தண்ணி புடிக்கணும்.”

அவரே ஒரு தாள்கட்டை எடுத்து வைத்தார். டெல்லிக்குப் போன அந்த மனுவின் அச்சுப் பிரதி, இங்கிலீஷில் இருந்தது. சாக்கு மண்டி பாய் கொண்டுவந்து கொடுத்தாராம். ‘நானும் இதுல கையெழுத்து போட்டுக்கீறேன் தம்பி. உங்க ஆளுங்க விஷயம் எங்க கீதுன்னு நீயே பாத்துக்க’ என்றாராம். புதிதாகப் போட்ட சொத்து வரியை எடுக்க வேண்டும், மெஷின் தேய்மானத்துக்குக் கழிவு கூட்ட வேண்டும், ஆபீசர் கணக்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது என்று பக்கம் பக்கமாக இருந்தது. சம்பளக்காரன் வரம்பைப் பற்றிக் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி. அதிலும் ‘பரிசீலிக்கலாம்’ என்றுதான் இருந்தது.

“இத்த தமிழ்ல எழுதி கேட்டுல ஒட்டணும் மச்சான். வரம்புக்குன்னு தனியா ஒரு மனு போட இன்னும் நேரம் கீது. நான் சொல்றேன், நீ எழுதிக் குடு. உன் எழுத்து முத்து முத்தா இருக்கும்.”

“பாக்கலாம் மாப்ள” என்றேன்.

நான் எழுதவில்லை. ஸ்டோரில் எல்லாருக்கும் என் கையெழுத்து தெரியும். செகரட்டரிக்கும் தெரியும். மாப்பிள்ளை இரண்டு தடவை வந்து கேட்டார். ஒரு தடவை வேலை அதிகம் என்றேன், ஒரு தடவை விரலில் வலி என்றேன். மூன்றாம் தடவை அவர் வரவில்லை.

அவரே எழுதி ஒட்டினார். அவர் பள்ளிக்கூடத்தில் படித்தது தெலுங்கு. தமிழ் எழுத்தைத் தானாகப் பொறுக்கிக்கொண்டவர். மனுவின் விஷயம் முழுவதையும் நாலு தாளில், கோணல் மாணலாக, ஒன்றுவிடாமல் எழுதியிருந்தார். வியாபாரிகள் கேட்டதில் எது நியாயம் என்றும் ஒரு தாளில் எழுதியிருந்தார். தலைப்பில் ‘வருமான வறி’ என்று போட்டிருந்தார். காலை ஷிஃப்டுக்கு வந்தவர்கள் அதன் முன்னால் கூடினார்கள். ஒருத்தன் “வறியாம்யா, வறி!” என்றான். பிறகு யாரும் கீழே படிக்கவில்லை. சிரித்துவிட்டு உள்ளே போனார்கள். நான் கடைசியில் நின்று எல்லாவற்றையும் படித்தேன். என் சட்டைப் பையில் பேனா இருந்தது. சங்கு ஊதியதும் நானும் உள்ளே போனேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு வெளியே வந்தபோது கேட்டில் பசை மட்டும் இருந்தது.

வரம்பு அப்படியேதான் இருந்தது. வியாபாரிகளுக்கு ஏதோ ஒன்றிரண்டு கிடைத்தது என்று பாய் சொன்னார். எங்கள் தரப்பில் தனி மனு என்று ஒன்று போகவே இல்லை. அவர் மாதாமாதம் வரி கட்டிக்கொண்டிருந்தார்.

உறவு முறியவில்லை. தீபாவளிக்கு வந்தார்கள், பொங்கலுக்கு வந்தார்கள். என் கடைசிப் பெண்ணின் காதுகுத்துக்குத் தங்கை தோடு எடுத்துக்கொண்டு வந்தாள். அவர் பந்தி பரிமாறினார். பாயும் வந்திருந்தார். மாப்பிள்ளை சாம்பார் வாளியோடு என் இலைக்கு வந்தபோது, வேண்டுமென்றே, நாலு பேர் காதில் விழும்படி சொன்னேன்.

“இன்னா சொல்லு மாப்ள, இந்த வருமான வரின்றது சுத்த அநியாயம். ஒரேயடியா எடுத்துப்புடணும்.”

பக்கத்து இலையில் பாய் கையை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன். எட்டி ஒரு அடி அடித்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

“சரி மச்சான்” என்றார். சாம்பார் ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.